நங்கையின் சீட்டில் வாங்கிய மாத்திரை: கர்ப்பப்பை உள்ளவருக்குத் தனி ஈஸ்ட்ரோஜன் - ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த நிலை

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் 50 வயதுப் பெண். ஒன்பது நாளாக நிற்காத உதிரப்போக்கோடு மகளிர் நோய்ப் பிரிவுக்கு வருகிறார். நாளுக்கு ஏழெட்டு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டிகட்டியாகப் போகிறது. மாதவிலக்கு 47 வயதிலேயே நின்றுவிட்டவர். இரண்டும் சுகப்பிரசவம். தைராய்டு குறைவுக்கு ஆறு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். உயரம் 154 செ.மீ., எடை 71 கிலோ, ரத்த அழுத்தம் 146/92. முகம் வெளுத்திருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

“மறுக்காவும் தூரமாகறனுங்க டாக்டரம்மா. ஒடம்பு எளசாயிருச்சுன்னு வூட்ல சொன்னாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுச்சுங்க” என்கிறார். முதலில் சொட்டுச் சொட்டாகப் பட்டு மூன்று மாதம் ஆகியும் அவர் வராமல் இருந்ததற்குக் காரணம் இந்த நம்பிக்கைதான். மாதவிலக்கு நின்று ஓராண்டு முடிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது மாதவிலக்கு அல்ல. காரணம் தெரியும்வரை அதைப் புற்றுநோயாக இருக்கலாம் என்று வைத்துத்தான் தேட வேண்டும்.

“வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டதற்குத் தைராய்டு மாத்திரையை மட்டும் சொன்னார். “பையில இருக்கற அட்டையெல்லாம் மேசைமேல எடுத்து வையுங்கம்மா” என்று சொன்ன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. தைராய்டு மாத்திரை, இரண்டு வலி மாத்திரை, அவற்றுக்கு அடியில் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட ஒரு அட்டை: எஸ்ட்ராடியால் வாலரேட் 2 மி.கி., அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை. பதினான்கு மாதமாகத் தினம் ஒன்று. அதை அவர் மருந்தாகவே கணக்கில் வைக்கவில்லை. “அது சூட்டு மாத்திரைங்க” என்றார். நோயாளியிடம் மருந்துப் பெயரைக் கேட்பதைவிட அட்டையைக் கேட்பது நல்லது.

இது ஒரு தனி ஆளின் கோப்பு அல்ல, பாடத்துக்காகக் கோத்த நிகழ்வு. இதிலுள்ள அளவுகளும் முடிவுகளும் இப்படிப்பட்ட நோயாளிகளிடம் எதிர்பார்க்கக்கூடிய எல்லைக்குள் வைக்கப்பட்டவை.

மாத்திரை வந்த வழி

மாதவிலக்கு நின்ற மறு ஆண்டிலிருந்து அவருக்கு உடல்சூடு தாங்கவில்லை. நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் குப்பென்று ஏறும். இரண்டு மூன்று நிமிடத்தில் ரவிக்கை நனைந்துவிடும். பிறகு குளிர் எடுக்கும். நாளுக்கு ஒன்பது பத்து முறை. இரவில் நாலு முறை எழுந்து உட்கார்ந்தால், மறுநாள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் துணியில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் பார்க்கக் கண் நிற்காது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நாட்களில் இன்னும் மோசம். மோரும் இளநீரும் சீரகத் தண்ணியும் குடித்துப் பார்த்தார், கேட்கவில்லை.

கோபியில் இருக்கும் அண்ணன் மனைவிக்கும் (நங்கைக்கு) இதே தொல்லை முன்பு இருந்தது. நார்க்கட்டிக்காக அவருக்குக் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் 43 வயதில் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு எழுதிக் கொடுத்த எஸ்ட்ராடியால் அவருக்கு நன்றாகக் கேட்டது. நங்கை தன் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மெடிக்கலில் போனைக் காட்டியதும் அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் வாரத்தில் சூடு அடங்கியது, தூக்கம் வந்தது. நன்றாக வேலை செய்யும் மருந்தை நிறுத்த யாருக்குத்தான் மனம் வரும்? மாதம் ஒருமுறை அட்டை வாங்குவது வழக்கமாகிவிட்டது.

அந்தச் சீட்டு எழுதப்பட்டவருக்கு அது சரியான சீட்டு. கர்ப்பப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். 43 வயதில் சினைப்பையை இழந்தவருக்கு இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது. ஆனால் “இவருக்குக் கர்ப்பப்பை இல்லை” என்ற செய்தி எழுதிய மருத்துவரின் மனத்தில் இருந்ததே தவிரச் சீட்டில் இல்லை. படம் எடுத்து அனுப்பியபோது மருந்தின் பெயர் போய்ச் சேர்ந்தது, அதைக் கொடுத்ததற்கான காரணம் போய்ச் சேரவில்லை.

இடையில் நடந்த இரண்டு தவறுகள்

ஒன்பதாம் மாதத்தில் அசதி, மலச்சிக்கல், எடை கூடுதல். தைராய்டு பார்த்தபோது டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் அளவு) 9.2. அதற்கு முன் பல ஆண்டுகள் 75 மைக்ரோகிராம் லெவோதைராக்சினில் (தைராய்டு மாத்திரையில்) 2-க்கும் 3-க்கும் இடையிலேயே இருந்தவர். பார்த்த இடத்தில் அளவை 100 ஆக்கிவிட்டார்கள். புதிதாக என்ன மருந்து சேர்ந்தது என்று கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதம் கூடுதலாக உற்பத்தியாகிறது. சுமக்கும் புரதம் கூடினால் ரத்தத்தில் சுதந்திரமாக ஓடும் ஹார்மோன் குறையும். நல்ல தைராய்டு சுரப்பி உள்ளவருக்கு அது தானே கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். மாத்திரையை நம்பி இருப்பவருக்கு ஈடுகட்ட எதுவும் இல்லை. எனவே லெவோதைராக்சின் சாப்பிடுபவருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கினால் 6 முதல் 12 வாரத்துக்குள் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். நிறுத்தினாலும் அதே போல் பார்க்க வேண்டும். பின்னதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இவர் விஷயத்திலும் அதுவே பிறகு வினையானது.

இரண்டாவது தவறு வீட்டில் நடந்தது. பதினோராம் மாதம் தொடங்கி விட்டுவிட்டுச் சொட்டு ரத்தம். பதினான்காம் மாதம் ஊரில் மாரியம்மன் பண்டிகை வந்தது. மாதவிலக்கைத் தள்ளிப்போட இந்தப் பக்கம் பெண்கள் வழக்கமாக வாங்கும் நார்எத்திஸ்டிரோன் 5 மி.கி. மாத்திரையை மெடிக்கலில் வாங்கி, நாளுக்கு மூன்று வீதம் ஏழு நாள் போட்டார். ரத்தம் நின்றது, பண்டிகை முடிந்தது, மாத்திரையை நிறுத்தினார். மூன்றாம் நாள் உடைந்து கொட்டியது.

பதினான்கு மாதமாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் தூண்டித் தூண்டிக் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப் போயிருந்தது. நார்எத்திஸ்டிரோன் ஒரு புரொஜெஸ்டோஜன், அதாவது புரொஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து. தடித்த சவ்வை அது முதிரச் செய்தது, நிறுத்தியதும் மொத்தமாகக் கழன்றது. சவ்வு இவ்வளவு தடித்திருக்கிறது என்பதை அந்தப் போக்கே காட்டிக்கொடுத்தது.

பரிசோதனை

ஹீமோகுளோபின் 8.4. ஃபெரிடின் 7, இரும்புச் சேமிப்பு அறவே இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. 50 வயதானாலும் இதைப் பார்த்துவிடுவது நல்லது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1. கருப்பை வாய் பார்வைக்கும் பாப் பரிசோதனைக்கும் இயல்பு. பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் உள்சவ்வு 14 மி.மீ.; சினைப்பைகள் சுருங்கியிருந்தன, கட்டி இல்லை. சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் கட்டி இருந்தாலும் இதே படம் வரும் என்பதால் மாத்திரைதான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுகட்டாமல் அதையும் பார்க்க வேண்டும்.

மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டவருக்கு உள்சவ்வு 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் திசு எடுத்தே ஆக வேண்டும். மயக்க மருந்து இல்லாமல் புறநோயாளிப் பிரிவிலேயே, சுமார் 3 மி.மீ. குறுக்களவுள்ள வளையும் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். மாதவிலக்கு வலி போல ஒரு நிமிடம் இழுத்துப் பிடிக்கும் என்று முன்பே சொல்லிவிட்டால் நோயாளி பயப்படுவதில்லை. பாலிப் (சிறு சதை வளர்ச்சி) எதையும் குழாய் தவறவிடாமல் இருக்க, கேமரா வழி உட்புறமும் பார்க்கப்பட்டது. பாலிப் இல்லை.

திசு முடிவு: செல் உருமாற்றம் இல்லாத உள்சவ்வு மிகைவளர்ச்சி. சரியான நேரத்தில் பிடித்த நிலை இது. இதை இப்படியே விட்டாலும் 20 ஆண்டில் புற்றாக மாறும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. ‘செல் உருமாற்றத்துடன்’ என்று வந்திருந்தால் கதை வேறு; அப்போது கர்ப்பப்பையை எடுப்பதுதான் முதல் பரிந்துரையாக இருந்திருக்கும்.

ஏன் நடக்கிறது

இளம் வயதில் மாதத்தின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் உள்சவ்வை வளர்க்கிறது. பின்பாதியில் புரொஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது. இரண்டும் இறங்கும்போது சவ்வு உதிர்கிறது. தினம் 2 மி.கி. எஸ்ட்ராடியாலை மட்டும் உள்ளே அனுப்பினால் கடிவாளமே கிடையாது. உடல் எடையும் கூட்டு சேர்கிறது: கொழுப்புத் திசுவும் தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். இவரது உடல்நிறைக் குறியீடு 30-ஐத் தொட்டிருந்தது.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்து அல்ல. தனி ஈஸ்ட்ரோஜனுக்கும் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுக்கும் தொடர்பு இருப்பதை 1975-லேயே அமெரிக்க ஆய்வுகள் காட்டிவிட்டன. 1990களில் வெளியான பெப்பி ஆய்வில், கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு 0.625 மி.கி. கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜனை மட்டும் மூன்று ஆண்டு கொடுத்தபோது 62 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகை மிகைவளர்ச்சி வந்தது. புரொஜெஸ்டோஜன் சேர்த்துக் கொடுத்தவர்களிடம் அது வரவில்லை என்றே சொல்லலாம்.

ஈஸ்ட்ரோஜன் என்றாலே புற்று என்று ஒதுக்குவதும் தவறு. 2002-இல் நிறுத்தப்பட்ட, டபிள்யூஎச்ஐ என்ற அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வின் கூட்டு மருந்துப் (ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டோஜனும்) பிரிவில், ஓராண்டில் 10,000 பெண்களுக்கு மார்பகப் புற்று 8, பக்கவாதம் 8, நுரையீரல் ரத்த உறைவு 8, இதயநோய் 7 கூடுதலாக இருந்தன. இடுப்பெலும்பு முறிவு 5, பெருங்குடல் புற்று 6 குறைந்தன. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. ஐம்பதுகளின் தொடக்கத்தில், மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்குபவருக்கு நன்மை-தீமைக் கணக்கு வேறு. அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில் இந்த மருந்துகளின் கறுப்புக்கட்ட எச்சரிக்கையிலிருந்து (மருந்துத் தாளில் கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) இதயநோய், மார்பகப் புற்று, மறதிநோய் பற்றிய வாசகங்களை நீக்குவதாக அறிவித்தது. ஆனால் தனி ஈஸ்ட்ரோஜனுக்கான கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்று எச்சரிக்கையில் கை வைக்கவில்லை. அந்த ஒரு எச்சரிக்கையைத்தான் இவர் அறியாமலே பதினான்கு மாதம் மீறிக்கொண்டிருந்தார்.

சிகிச்சை

எஸ்ட்ராடியால் அன்றே நிறுத்தப்பட்டது. ரத்தத்தை நிறுத்தப் பலரும் உடனே எழுதும் டிரானெக்சாமிக் அமிலம் இங்கே தவிர்க்கப்பட்டது: முந்தைய நாள் வரை வாய்வழி ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டவர், எடை கூடியவர், ரத்தம் உறையும் வாய்ப்பை இன்னும் கூட்ட வேண்டியதில்லை. திசு முடிவு வரும்வரை மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் என்ற புரொஜெஸ்டோஜன் தினம் 10 மி.கி. முடிவு வந்ததும் 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் கொண்ட கர்ப்பப்பைச் சாதனம் வைக்கப்பட்டது. பேச்சில் இதை ஹார்மோன் காப்பர்-டி என்கிறார்கள். இதில் செம்பு கிடையாது. தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் புரொஜெஸ்டோஜனை நேராக உள்சவ்வின் மேலேயே விடுகிறது. மாத்திரையைவிட நன்றாகச் சவ்வைச் சுருக்குகிறது, மறந்துபோகும் பேச்சும் இல்லை. வைத்த மூன்று முதல் ஆறு மாதம்வரை சொட்டு ரத்தம் பட்டால் அது எதிர்பார்த்ததுதான்.

வீட்டாருக்கு இது திருப்தியாக இல்லை. “வயசாயிருச்சுங்க, இனி எதுக்குங்க கர்ப்பப்பை? எடுத்துப் போட்டா வேலை முடிஞ்சதுங்க” என்று கணவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான்; அக்கம்பக்கத்தில் அப்படி எடுத்தவர்கள் பலர். ஆனால் செல் உருமாற்றம் இல்லாத நிலையில் மருந்தே பெரும்பாலானவர்களுக்குச் சவ்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. ஹீமோகுளோபின் 8.4 இருப்பவருக்கு, தேவைப்படாத பெரிய அறுவை சிகிச்சை எதற்கு? ஓராண்டு பார்த்தும் சரியாகாவிட்டாலோ, திரும்ப வந்தாலோ எடுக்கலாம் என்று பேசி முடிவானது.

இரும்பு மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள். இங்கே ஒரு சிக்கல்: இரும்பும் லெவோதைராக்சினும் வயிற்றில் சந்தித்தால் தைராய்டு மாத்திரை உடலில் சேராது, நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை; ஒரு மணி நேரம் கழித்துக் காபி; மதியச் சாப்பாட்டுக்குப் பின் கம்பெனியிலேயே இரும்பு மாத்திரை, அதோடு டீ கூடாது. இந்த மூன்று வரியையும் ஒரு தாளில் எழுதி டிபன் டப்பா மூடியில் ஒட்டிக்கொண்டார். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி.; இரண்டு மாதத்தில் 128/80.

எட்டாம் வாரத்தில் படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை. உடல்சூடுதான் திரும்பி வருகிறது என்று அவரும் வீட்டாரும் நினைத்தார்கள். பாதி உண்மைதான். ஆனால் நாடித்துடிப்பு ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே 104, கையை நீட்டச் சொன்னால் விரல் நடுங்கியது. உடல்சூடு வந்து போகும். இது போகவே இல்லை. டிஎஸ்எச் 0.16. ஈஸ்ட்ரோஜன் நின்றதும் சுமக்கும் புரதம் குறைந்துவிட்டது. அதற்காகக் கூட்டிய 100 மைக்ரோகிராம் இப்போது அதிகமாகிவிட்டது. பழைய 75-க்குத் திரும்பி எட்டு வாரத்தில் டிஎஸ்எச் 2.4. நிறுத்திய ஆறாம் வாரமே பார்த்திருக்க வேண்டிய பரிசோதனை இது.

மிச்சமிருந்த உண்மையான உடல்சூட்டுக்கு வென்லாஃபாக்சின் கேட்கும். ஆனால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். இரவு கபாபென்டின் 300 மி.கி. கொடுக்கப்பட்டது. இரவு வியர்வை பாதியானது; முதல் பத்து நாள் காலையில் கிறுகிறுப்பு இருந்தது, தூங்கப் போகும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டதும் குறைந்தது.

ஆறாம் மாதம், சாதனத்தை எடுக்காமலேயே திசு எடுத்தார்கள்: மிகைவளர்ச்சி இல்லை, சவ்வு ஒடுங்கியிருக்கிறது. பன்னிரண்டாம் மாதம் மீண்டும் எடுத்ததும் அப்படியே. அடுத்தடுத்து இரண்டு திசு முடிவு சுத்தமாக வரும்வரை காத்திருப்பது அவசியம். ஸ்கேன் அளவு மட்டும் போதாது.

மீண்டும் ஈஸ்ட்ரோஜன்

கபாபென்டினோடு பகலில் இன்னும் ஆறேழு முறை குப்பென்று ஏறிக்கொண்டிருந்தது. ஒருமுறை கெட்டுப்போனது என்பதற்காக இவருக்கு ஈஸ்ட்ரோஜனே கூடாது என்று சொல்வது எளிது; ஆனால் மருந்து தவறு செய்யவில்லை, துணையில்லாமல் போனதுதான் தவறு. இப்போது துணை கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கிறது. மார்பகப் பரிசோதனையும் மேமோகிராமும் இயல்பு. தனக்கோ குடும்பத்திலோ காலில் ரத்தக்கட்டு வந்ததில்லை. மார்பகப் புற்று, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு இவற்றில் எது இருந்திருந்தாலும் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

மாத்திரை வேண்டாம், தோல்வழி ஜெல் என்று முடிவானது. தைராய்டைக் குழப்பிய அதே கல்லீரல் பாதைதான் ரத்தம் உறையும் காரணிகளையும் கூட்டுகிறது. பிரான்சில் நடந்த எஸ்தர் ஆய்வில் வாய்வழி ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டவர்களுக்குக் கால் ரத்தக்குழாய், நுரையீரல் ரத்த உறைவு ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. தோல்வழி எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. எடை கூடியவர், ரத்த அழுத்தம் உள்ளவர், நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர், தைராய்டு மாத்திரைக்காரர்: நாலு காரணமும் ஒரே பக்கம் கையைக் காட்டின.

0.06 சதவீத எஸ்ட்ராடியால் ஜெல்லில் 2.5 கிராமில் 1.5 மி.கி. மருந்து இருக்கும். இவருக்குத் தொடக்கம் அதில் பாதி, 1.25 கிராம், அதாவது 0.75 மி.கி. பம்ப் பாட்டிலாக இருந்தால் வழக்கமாக ஒரு அழுத்து. ட்யூப்பாக இருந்தால் கூடவே வரும் அளவுப் பட்டையில் பாதி. பம்ப் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்க்காமல் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கக் கூடாது.

போடும் முறையில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். குளித்துத் துடைத்து, தோல் முழுக்கக் காய்ந்த பிறகு போட வேண்டும். தேங்காய் எண்ணெய், மஞ்சள், மாய்ஸ்சரைசர் பூசிய தோலில் போடக் கூடாது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டென்றால் குளியல் முடிந்த பிறகு. ஜெல்லைத் தொடையின் உள்பக்கமோ மேற்கையின் வெளிப்பக்கமோ உள்ளங்கை அகலத்துக்கு மேல் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். அரக்கித் தேய்க்க வேண்டியதில்லை. மார்பிலும் பிறப்புறுப்பிலும் போடவே கூடாது. ஐந்து நிமிடம் காய விட்டு உடுத்தலாம். ஒரு மணி நேரம் அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இவர் முதலில் காலை ஐந்து மணிக்குக் குளித்துவிட்டுக் கையில் பூசிக்கொண்டு நேராக அடுப்பைப் பற்றவைக்கப் போனார். ஜெல்லின் பெரும்பகுதி ஆல்கஹால், காயும்வரை தீப்பிடிக்கும். இரண்டாவது சிக்கல் பேத்தி. ஒன்றரை வயதுக் குழந்தை பாட்டி கையில் தலைவைத்துத்தான் தூங்கும். ஜெல் பூசிய தோல் குழந்தையின் மேல் தொடர்ந்து பட்டால் அதன் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் ஏறும். பெண் குழந்தைக்கு வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கலாம். இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு, கையை விட்டுத் தொடைக்கு மாற்றியதில் இரண்டும் தீர்ந்தன. ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரட்டை அளவு கூடாது.

ஆறு வாரத்தில் உடல்சூடு நாளுக்கு இரண்டாகக் குறைந்தது. கபாபென்டின் படிப்படியாக நிறுத்தப்பட்டது. மூன்றாம் மாதம் ரத்த அழுத்தம் 126/80, டிஎஸ்எச் 2.6, தோல்வழி மருந்து அதை அசைக்கவில்லை. பாதி அளவே போதுமாக இருந்ததால் கூட்டவில்லை. ரத்தத்தில் எஸ்ட்ராடியால் அளவு பார்க்கச் சொல்லி வீட்டில் கேட்டார்கள். அறிகுறி அடங்கியிருக்கும்போது அந்த எண்ணால் பயனில்லை. முடி வளர என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை அந்தப் பரிசோதனையைத் தப்பாகவும் காட்டும்.

ஹார்மோன் காப்பர்-டி வைக்க விரும்பாதவருக்கு வேறு வழி உண்டு: நுண்துகள் புரொஜெஸ்டிரோன் கேப்சூல் தினம் இரவு 100 மி.கி., அல்லது மாதந்தோறும் 12 முதல் 14 நாள் இரவு 200 மி.கி. தூக்கம் வரும், அதனால் இரவில்தான். சில தயாரிப்புகளில் கடலை எண்ணெய் இருக்கிறது; நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் கேட்டு வாங்க வேண்டும். மாதம் ஐந்து நாள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று நாளைச் சுருக்குவது பாதுகாப்பல்ல. பிறப்புறுப்பு வறட்சி மட்டும்தான் தொல்லை என்றால் குறைந்த அளவு எஸ்ட்ரியால் கிரீம் போதும். அதற்குப் பொதுவாகப் புரொஜெஸ்டிரோன் துணை தேவையில்லை.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் அன்றைக்கே 108. ஆறு மாதம் சுத்தமாக இருந்த பிறகு சொட்டு ரத்தம் பட்டால் அந்த வாரமே ஸ்கேன். வலிப்பு நோய்க்குக் கார்பமாசெபின், ஃபெனிடாயின் சாப்பிடுபவருக்கும் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கும் ஈஸ்ட்ரோஜன் வேகமாகக் கரைந்துபோகும். லாமோட்ரிஜின் சாப்பிடுபவருக்கு நேர்மாறாக ஈஸ்ட்ரோஜன் அந்த வலிப்பு மருந்தின் அளவைக் குறைத்துவிடும்.

மெடிக்கலும் சீட்டும்

ஈஸ்ட்ரோஜன் அட்டவணை எச் மருந்து. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. போனில் இருக்கும் படம் யாருடைய சீட்டு, எத்தனை ஆண்டுக்கு முந்தையது என்பதைப் பெயரையும் தேதியையும் பார்த்தாலே தெரிந்துவிடும். கடையில் நிற்பவர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: “சீட்டு உங்களுதுங்களா? கர்ப்பப்பை இருக்குதுங்களா?” இரண்டாவதைப் பெண் வாடிக்கையாளரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றால், கடையில் வேலை பார்க்கும் பெண்ணைக் கேட்கச் சொல்லலாம். இருக்கிறது என்று பதில் வந்து, கூடவே புரொஜெஸ்டோஜன் எதுவும் வாங்கவில்லை என்றால், மருத்துவருக்கு ஒரு போன் போட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிவிட்டு மருத்துவர் தப்பிக்க முடியாது. தனி ஈஸ்ட்ரோஜன் எழுதும் ஒவ்வொரு சீட்டிலும், மருந்தின் பெயருக்கு நேர் கீழே, தமிழில், “கர்ப்பப்பை எடுக்கப்பட்டவருக்கு மட்டும்” என்ற மூன்று வார்த்தை இருந்திருந்தால் அந்தப் போட்டோ கோபியிலிருந்து திருப்பூருக்கு வந்தபோது எச்சரிக்கையும் சேர்ந்தே வந்திருக்கும். சீட்டு கை மாறும் என்று தெரிந்தே எழுத வேண்டும். எங்கள் பக்கம் மருந்து, உறவு வழியாகத்தான் பரவுகிறது.

நங்கையையும் வரவழைத்தார்கள். வயது 52. அவர் ஒன்பது ஆண்டாக யாரிடமும் காட்டாமல் அதே 2 மி.கி. மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். ரத்த அழுத்தம் பார்த்து இரண்டு ஆண்டு ஆகிறது. மேமோகிராம் எடுத்ததே இல்லை. அவரது மருந்து தவறானது அல்ல. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, இன்னும் தேவையா, அளவைக் குறைக்கலாமா, மாத்திரையை ஜெல்லாக்கலாமா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். மேமோகிராம் இயல்பு. 1 மி.கி.க்குக் குறைத்து மூன்று மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறது.

திருப்பூர்க்காரருக்கு எழுதிக் கொடுத்த புதிய சீட்டில் மருந்துக்குக் கீழே இப்படி இருக்கிறது: “கர்ப்பப்பை உள்ளவர். உள்ளே லெவோநார்ஜெஸ்ட்ரெல் சாதனம் வைக்கப்பட்டுள்ளது. வைத்த தேதியிலிருந்து 5 ஆண்டில் மாற்ற வேண்டும். சாதனம் இல்லாமல் இந்த ஜெல்லைக் கொடுக்க வேண்டாம். இச்சீட்டு ஒரு ஆண்டுக்கு மட்டும். வேறொருவருக்கு இது பொருந்தாது.”